வில்லும் வணக்கமும்: ஜப்பானியர் வில்வித்தை தியானமாக மாறிய வரலாறு



தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா மலரில் ஜப்பான்காரன் வில்லுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதிலும் கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு ‘ஜப்பான்காரன் காலம்’ என்பது பாடப்புத்தகத்தில் படித்த செய்தி அன்று. வீட்டுக்கு வீடு வாய்மொழியாக வந்த கதை. “அவன் பேச்சே நமக்கு வேணாம்” என்று சொல்லும் பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆகவே வில்லுக்குப் போகுமுன் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, மறு மாதத் தொடக்கத்திலேயே நம் கோலசிலாங்கூர்க் கரைக்கு வந்துவிட்டது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு மூன்றரை ஆண்டுக்கு மேல் அவர்கள் ஆட்சிதான். அரிசி இல்லை, துணி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. சந்தியில் நிற்கும் சிப்பாய்க்கு முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். கும்பிடாதவன் கன்னத்தில் அறை விழும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஜப்பானியப் பாட்டுப் பாடிப் பேரரசர் இருந்த திசை நோக்கிக் குனிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான கொடுமை சயாம் ரயில். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். எங்கள் குடும்பத்திலும் ஒரு பெயர் உண்டு. சயாமுக்குப் போய்த் திரும்பாத பெயர். உங்கள் குடும்பத்திலும் இருக்கும்.

வள்ளுவர் ‘கூடா நட்பு’ அதிகாரத்தில் ஓர் உவமை வைத்திருக்கிறார். வில் வளைவது பணிவுக்காக அன்று, எய்வதற்காக. அதுபோலப் பகைவன் வணங்கிப் பேசினாலும் அந்தப் பேச்சை நம்பிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. நம் பெரியவர்கள் ஜப்பானியரின் வணக்கத்தை அப்படித்தான் பார்த்தார்கள். பார்த்ததில் தவறும் இல்லை.

அப்புறம் ஏன் இந்தக் கட்டுரை? காரணம் இருக்கிறது. அதே ஜப்பானில், வில்லைக் கையில் எடுத்தவன் எய்வதற்கு முன்னும் எய்த பின்னும் தானாகக் குனிந்து வணங்கும் ஒரு கலை இருக்கிறது. அதற்கு ‘கியூடோ’ என்று பெயர். கியூ என்றால் வில். டோ என்றால் வழி. வில்வழி என்று நாம் சொல்லலாம். உலகத்தில் பலர் இதை ஒரு தியானம் என்கிறார்கள். எதிரியைக் கொல்ல உண்டான கருவி எப்படி ஐயா தியானம் ஆயிற்று? இது வரலாற்றுக் கேள்வி. பதில் நீங்கள் எதிர்பார்ப்பது போல அவ்வளவு சுத்தமானதாக இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வில்லைப் பாருங்கள். சாதாரண வில் இல்லை. ஏறத்தாழ 221 சென்டிமீட்டர் உயரம், ஏழடிக்கும் மேல். நம் லயத்து வீட்டு வாசல்படியில் நிமிர்த்தி நுழைக்க முடியாது. மூங்கில் பட்டையையும் மரப்பட்டையையும் ஒட்டிச் செய்வார்கள். இன்னொரு அதிசயம், பிடி நடுவில் இல்லை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. ஆக, மேல் பாதி நீளம், கீழ் பாதி குட்டை. குதிரை மேலிருந்து எய்வதற்காக இப்படி வந்தது என்பார்கள் சிலர். அந்த இடத்தில் பிடித்தால் கைக்கு அதிர்வு குறைவு என்பார்கள் வேறு சிலர். எப்படியானாலும் பழைய வடிவம்தான். ஜப்பானியர் வில்லின் கீழ்ப்புறம் குட்டை, மேல்புறம் நெட்டை என்று 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலக்கு 28 மீட்டர் தூரத்தில், ஈர மணல் மேட்டில் செருகியிருக்கும். விட்டம் 36 சென்டிமீட்டர், நம் வீட்டு முறத்தைவிடச் சின்னது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை யாரும் அந்த இலக்கின் முன் நிறுத்த மாட்டார்கள். முதலில் ஒரு குச்சியில் ரப்பர் கட்டிய பயிற்சி வில். ஆமாம், ரப்பர்தான்! அம்பே கிடையாது, சும்மா இழுத்து இழுத்துப் பழக வேண்டும். அப்புறம்தான் மெய்யான வில். அதிலும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்த வைக்கோல் உருளையில் எய்ய வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் யாருக்கும் தப்பாது. தப்பாத இடத்தில் மாதக்கணக்காக ஏன் எய்ய வேண்டும்? அங்கேதான் விஷயம். படுகிறதா என்ற கவலையை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது எய்கிறவனின் உடம்பும் மூச்சும் மனசும் மட்டுமே.

ஒரு அம்பை எய்ய எட்டுப் படிகள் வகுத்திருக்கிறார்கள். காலை ஊன்றுதல், உடலை நிமிர்த்துதல், வில்லையும் நாணையும் பற்றுதல், தலைக்கு மேல் தூக்குதல், இரு பக்கமும் விரித்துக்கொண்டே இறக்குதல். இவை ஐந்தும் பார்க்கிறவனுக்கும் புரியும். ஆறாவது படிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சந்திப்பு’ என்று பொருள்படும். வில் முழுதாக வளைந்து, அம்பு கன்னத்தோடு ஒட்டி, எய்கிறவன் அசையாமல் நிற்கிறான். வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இரண்டு கையும் எதிரெதிராக விரிந்துகொண்டே இருக்கின்றன. ஏழாவது விடுதல். எட்டாவது, அம்பு போன பின்னும் கையை இறக்காமல், கண்ணை எடுக்காமல் அப்படியே நிற்பது. அதற்கு ‘எஞ்சி நிற்கும் மனம்’ என்று பெயர். பட்டதா படவில்லையா என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது.

பால் வெட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். விடியுமுன் நெற்றிவிளக்கோடு மரத்தடியில் நின்று பட்டையைச் சீவும்போது, கத்தி கொஞ்சம் மேலே நின்றால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். இடையில் இருப்பது நூலளவு. ஒவ்வொரு மரத்திலும் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் நிரை முடியுமா? முடியாது. யோசிக்காமல் வீசினால் மரம் பாழ். அப்ப எது வெட்டியது? பழகின கை வெட்டியது. செம்பனையிலும் அப்படித்தான். குலை பழுத்ததற்கு அடையாளம் தரையில் தானாக உதிர்ந்து கிடக்கும் பழம். பிடுங்கிப் போட்ட பழத்தை யாரும் அடையாளமாக எடுக்க மாட்டார்கள். கியூடோ ஆசிரியர்களும் விடுதலைப் பற்றி இதைத்தான் சொல்லுகிறார்கள். அம்பை நீ விடாதே, இழுப்பு முற்றினால் அது தானாகப் போக வேண்டும் என்று.

இந்த ஆறாவது படியில் நிற்க முடியாமல் போகும் ஒரு நோய் வில்லாளிகளுக்கு வரும். அதற்கு ‘ஹயாகே’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அவசரம் என்று கொள்ளலாம். இலக்கைக் கண்ணால் கண்டதும் விரல் தானாக விட்டுவிடும். நிறுத்த நினைத்தாலும் நிற்காது. பல வருடம் பழகினவர்களையும் பிடிக்குமாம். நான் கேள்வியை முடிக்குமுன்னே “டீச்சர், டீச்சர்!” என்று கையைத் தூக்கிவிட்டு, எழுந்து நின்றதும் விழிக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்குப் பதில் தெரியாமல் இல்லை. நோய் இதுதான்.

சரி, இதெல்லாம் ஆதியிலிருந்தே இப்படியா? இல்லவே இல்லை.

ஆதியில் வில் போர்க்கருவி. சாமுராய் வீரனை ‘வில்லும் குதிரையும் உடையவன்’ என்றுதான் அந்நாளில் சொல்லுவார்கள். வாளுக்குப் பெருமை வந்தது பிற்பாடு. வில்லாசிரியர்களில் இரண்டு வகை இருந்தார்கள். ஒகசவாரா மரபினர் அரண்மனைச் சடங்கையும் குதிரை வில்லையும் காத்தவர்கள். எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, எப்படி வணங்குவது என்பதெல்லாம் அவர்கள் வழியாக வந்தது. 15ஆம் நூற்றாண்டில் வந்த ஹெகி மரபினரோ தரையில் நின்று எய்யும் போர் வித்தைக்காரர்கள். கவசத்தைத் துளைக்க வேண்டும், குறி தப்பக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

1543இல் போர்த்துக்கீசியர் மூலமாகத் துப்பாக்கி வந்தது. 1575இல் நாகஷினோ போரில் ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிப் படை எதிரியின் குதிரைப் படையைச் சாய்த்தது. பத்து வருடம் பழகின வில்லாளியும், சில வாரம் பழகின துப்பாக்கிக்காரனும் ஒன்று என்றாகிவிட்டால் வில்லுக்கு என்ன மதிப்பு? அடுத்து 1603 முதல் இரண்டரை நூற்றாண்டு நாட்டில் அமைதி. வில்லாளிகளுக்குப் போரும் இல்லை, வேலையும் இல்லை.

அந்தக் காலத்தில் அவர்கள் தியானத்தில் உட்கார்ந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? போட்டியில் இறங்கினார்கள்! கியோட்டோ நகரில் சன்ஜூசங்கெண்டோ என்று ஒரு நெடுங்கோயில் இருக்கிறது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். அதன் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்து, கூரையில் இடிக்காமல், மறு கோடி தாண்டும்படி அம்பு எய்ய வேண்டும். ஒரு நாள் முழுக்க எத்தனை அம்பு தேறுகிறது என்பது கணக்கு. பிரபுக்கள் தங்கள் தங்கள் வீரனைப் பணம் செலவழித்துத் தயார் செய்தார்கள். 1669இல் ஹோஷினோ கன்சாயெமோன் என்பவர் 8,000 அம்பு தேற்றினார். 1686இல் வாசா டைஹாச்சிரோ என்ற இளைஞர் இருபத்துநாலு மணி நேரத்தில் 13,053 அம்பு எய்து, 8,133ஐத் தேற்றினார். மாணவர்களே, வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்பது அம்பு! இதில் மூச்சை அடக்கி மனத்தை ஒடுக்க எங்கே நேரம்? அந்தக் கணக்கை இன்று வரை யாரும் மிஞ்சவில்லை.

இதைக் கேட்கும்போது நம் பழங்கதை ஞாபகம் வரும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடினார். சேரனின் கொடியிலேயே வில் இருந்தது. நாமும் அடித்ததைத்தான் புகழ்ந்தோம். நின்ற நிலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஜப்பானியரும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

1868இல் மேஜி ஆட்சி வந்து சாமுராய் சாதியே கலைந்தது. 1876இல் இடுப்பில் வாள் கட்டவும் தடை வந்தது. வில்லின் கதி இன்னும் மோசம். ஊர்ப்பக்கம் விளையாட்டு வில் வைத்துக் காசு பிடுங்கும் கேளிக்கைக் கொட்டகைகள் பெருகி, வில் என்றாலே மரியாதைப்பட்டவர்கள் முகம் திருப்பும் நிலை. அந்தச் சமயத்தில்தான் ஹோண்டா தோஷிசானே என்ற ஆசிரியர் (1836–1917) போர் வில்லையும் சடங்கு வில்லையும் கலந்து ஒரு முறை வகுத்து, தோக்கியோ பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பழைய வீட்டைப் பிரித்து அதே மரத்தில் புதிய வீடு கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவனுக்குப் போர் இல்லை. அப்படியானால் வில் எதற்கு? உடம்புக்கும் ஒழுக்கத்துக்கும் மனத்துக்கும் என்று பதில் வந்தது. 1919இல் தற்காப்புக் கலைக் கழகம் ‘வில் வித்தை’ என்ற பழைய பெயரை மாற்றி ‘வில் வழி’ என்று வைத்தது. கியூடோ என்ற பெயர் நிலைபெற்று ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதில் பெரும் பகுதி நம் பாட்டன் காலத்துப் புதுமைதான்.

வேலையற்றுப் போன கருவியை மனிதர்கள் குப்பையில் எறியவில்லை. அதனிடம் வேறொன்றைக் கேட்டார்கள். வில் தியானமானது அதற்குப் பிறகுதான்.

ஹோண்டாவின் மாணவர்களில் ஒருவர் அவா கென்சோ (1880–1939). வடக்கே சென்டாய் நகரில் ஆசிரியர். குறி தப்பாதவர் என்று பெயர் எடுத்தவர். நாற்பது வயதளவில் அவர் மனம் மாறியது. இலக்கை அடிப்பது பொருளல்ல, ஒவ்வோர் அம்பிலும் தன்னையே எய்ய வேண்டும் என்று போதிக்கத் தொடங்கினார். சக வில்லாளிகள் பலர் இவருக்குப் பைத்தியம் என்றே சொன்னார்கள். இவரிடம் 1920களில் ஒரு ஜெர்மானியர் வந்து சேர்ந்தார். பெயர் ஓய்கன் ஹெரிகல்; சென்டாய்ப் பல்கலைக்கழகத்தில் 1924 முதல் 1929 வரை தத்துவம் கற்பித்தவர். ஊர் திரும்பி, 1948இல் வில்வித்தையையும் ஜென் தியானத்தையும் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். 1953இல் அது ஆங்கிலத்தில் வந்ததும் உலகமெங்கும் பரவியது. ‘ஜப்பான் வில் என்றால் ஜென் தியானம்’ என்ற எண்ணம் நம் காதுக்கு எட்டியது இந்தப் புத்தகத்தின் வழியாகத்தான்.

இங்கே ஜென் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்திலிருந்து போன சொல். வடமொழி ‘த்யானம்’ சீனாவில் ‘சான்’ ஆயிற்று; சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய் ‘ஜென்’ ஆயிற்று. அந்த வழியைச் சீனாவுக்குக் கொண்டுபோனவராகப் போற்றப்படுபவர் போதிதருமர். 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தால் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ‘காஞ்சிபுரத்து இளவரசன்’ என்று அடித்துச் சொல்லுகிறோம். பழைய சீன நூல்களில் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. அதற்கும் முந்திய 547ஆம் ஆண்டு நூல் பாரசீகத்துக்காரர் என்கிறது. காஞ்சி என்ற பெயர் பிற்காலத்தில் சேர்ந்தது. பெருமை பேசலாம், சான்று எவ்வளவோ அவ்வளவு பேசினால் போதும்.

ஜப்பானியர் அவரைத் ‘தாருமா’ என்று அழைத்துச் சிவப்புப் பொம்மையாகவே செய்துவிட்டார்கள். கையும் காலும் இல்லாத உருண்டைப் பொம்மை. தள்ளிவிட்டாலும் நிமிர்ந்துகொள்ளும், நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி. வாங்கும்போது கண் இரண்டும் வெறுமையாக இருக்கும். ஒரு காரியத்தை மனத்தில் எண்ணி ஒரு கண்ணை எழுதுவார்கள். காரியம் முடிந்தால் மறு கண். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசையில் ஒற்றைக் கண்ணோடு தாருமா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி ஹெரிகலுக்கு வருவோம். அவர் புத்தகத்தில் புகழ்பெற்ற இடம் ஒன்று உண்டு. குறி பார்க்காதே என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, மாணவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஓர் இரவு ஆசிரியர் அவரை வரச்சொல்லி, இலக்கருகே மெல்லிய ஊதுபத்தி ஒன்றை மட்டும் ஏற்றி வைத்து, இருட்டில் இரண்டு அம்பு எய்தார். முதல் அம்பு நடு இலக்கில். இரண்டாவது அம்பு முதல் அம்பின் அடிப்பகுதியைப் பிளந்துகொண்டு நின்றது! படித்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். நானும் முதலில் படித்தபோது வகுப்பில் சொல்ல வேண்டும் என்று நினைத்த கதைதான்.

ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் கதையோடு நின்றுவிடக் கூடாது. 2001இல் யமடா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதைக் கிளறிப் பார்த்தார். ஹெரிகலுக்கு ஜப்பானிய மொழி சரிவர வராது. கொமாச்சியா என்ற சக பேராசிரியர்தான் மொழிபெயர்த்துச் சொல்லுவார். அந்த இருட்டு இரவில் மொழிபெயர்க்க யாரும் இல்லை. ஆசிரியரும் மாணவரும் மட்டுமே. பிற்பாடு கேட்டபோது, அது தற்செயலாக நேர்ந்தது என்றே அவா சொன்னதாக அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தன் அம்பைத் தானே உடைப்பது வில்லாளிக்குப் பெருமையும் இல்லை. அது மட்டுமா? அவா கென்சோ எந்த ஜென் ஆசிரியரிடமும் பயின்றவர் அல்லர்; தனக்கென்று ஒரு தனி வழியைக் கண்டவர். ஜென்னைத் தேடி ஜப்பானுக்கு வந்த ஹெரிகல், கண்டதையெல்லாம் ஜென் என்றே எழுதிவிட்டார்.

இன்னும் ஒன்று. அவ்வளவு அமைதியை எழுதிய அந்த மனிதர் 1937இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1944இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். வில் பிடித்து மனத்தை அடக்கப் பழகியவர் அநியாயத்தின் பக்கம் போய் நின்றார்.

ஜப்பானிலும் கதை வேறில்லை. 1930களில் தற்காப்புக் கலைகள் பள்ளிகளில் போர் ஒழுங்கின் பகுதியாயின. கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதும், பேரரசருக்காக உயிரைத் துச்சமாக எண்ணுவதும் ‘மனப் பயிற்சி’ என்ற பெயரிலேயே ஊட்டப்பட்டன. நம் தோட்டங்களுக்கு வந்த சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், வில்லோடு அல்ல. ஆனால் அவர்களிலும் சிலர் அந்தப் பயிற்சிக் கூடங்களில் குனிந்து வணங்கி நின்ற பிள்ளைகள்தாம். சயாமுக்கு ஆள் பிடித்த கையும் அப்படிப் பழகிய கையாக இருந்திருக்கலாம். “தியானம் செஞ்சா மனுசன் நல்லவன் ஆயிடுவானா?” என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டால், “அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லீங்க” என்றுதான் சொல்ல முடியும். அசையாத மனம் ஒரு பலம். பலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அந்த மனம் மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை.

1945இல் ஜப்பான் தோற்றது. நாட்டைப் பிடித்த நேசப்படையினர் பள்ளிகளில் தற்காப்புக் கலைகளைத் தடுத்தார்கள். பழைய கழகத்தையும் கலைத்தார்கள். வில்லாளிகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய காலம் அது. 1949இல் அனைத்து ஜப்பான் கியூடோ சம்மேளனம் பிறந்தது. 1953இல் பாடநூல் வந்தது. பேரரசருக்காக, நாட்டுக்காக என்ற பேச்சை எடுத்துவிட்டு, மெய், நன்மை, அழகு என்று மூன்றை நோக்கமாக வைத்தார்கள். இது முழு மனமாற்றமா, வெற்றி பெற்றவனுக்காக எழுதியதா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு ஒன்று மட்டும் திருப்தி. அந்தப் பாடநூலின் முகப்பில் அவர்கள் ஜென் கதையை வைக்கவில்லை. வில்லைப் பற்றிய பழைய சீன அறநூல் பகுதியை வைத்தார்கள். பயிற்சிக் கூடங்களில் உறுப்பினர் அதை வாய்விட்டுப் படிப்பதும் உண்டு. குறி தப்பினால் வென்றவன் மேல் கோபப்படாதே, குறை எங்கே என்று உன்னிடத்திலேயே தேடு என்பது அதன் சாரம். கன்பூசியர் வழி வந்த இந்த எண்ணம் ஜென்னைக் காட்டிலும் பழையது. மாயமந்திரமும் இதில் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

1982இல் நம் அரசாங்கம் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ கொண்டுவந்தது. அதன் பின் மலேசியப் பிள்ளைகள் பலர் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். கொடுமையை அனுபவித்த தலைமுறை உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேரப்பிள்ளைகள் அங்கே தொழில் கற்றார்கள். நம் புஞ்சாக் ஆலாமும் அப்படித்தான் கண்முன்னே மாறிவிட்டது. மரம் நின்ற இடத்தில் நகரம், பல்கலைக்கழக வளாகம், நாலு வழிச் சாலை. தோட்டம் போனாலும் சயாம் ரயில் கதை போகக் கூடாது என்பது என் கட்சி. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். ஜப்பானியச் சித்திரப் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்குத் தன் கொள்ளுப்பாட்டன் எங்கே போனான் என்பதும் தெரிய வேண்டும். சயாமை நினைத்துக் கொதிக்கிற பிள்ளைக்கு அங்கே வில்லோடு ஒரு மாணவன் எப்படி நிற்கிறான் என்பதும் தெரிய வேண்டும். சந்தியில் சிப்பாய் பிடுங்கிக்கொண்ட வணக்கமும், வில்லாளி தானாகக் கொடுக்கிற வணக்கமும் பார்வைக்கு ஒரே வளைவுதான்.

இன்றைக்கு ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் வில் மன்றங்களில் சேர்ந்து பழகுகிறார்கள். தகுதித் தேர்வு வைத்தால் ஆளுக்கு இரண்டே அம்பு. தொடக்கப் படிகளில் இரண்டும் தப்பினாலும் தேறலாம். உள்ளே வந்த நடை, நின்ற நிலை, மூச்சு, விட்டபின் நின்ற மனம் இவற்றையும் தேர்வாளர் பார்க்கிறார். அதைப் படித்தபோது நம் பரீட்சைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டேன் என்று சொன்னால் தலைமையாசிரியர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஒரு சுற்று முடிந்ததும் சிவப்புக் கொடி ஏறும். எல்லாரும் வில்லை இறக்கிய பிறகுதான் மாணவர்கள் மணல் மேட்டுக்குப் போவார்கள். பட்ட அம்பையும் தப்பின அம்பையும் ஒன்றாகவே பிடுங்கி, முனையில் ஒட்டிய மணலைத் துணியால் துடைத்துக் கொண்டுவருவார்கள். கிழிந்த இலக்குக்குப் புதுக் காகிதம் ஒட்டுவார்கள். மாலையில் மேட்டு மணலுக்குத் தண்ணீர் தெளித்து, மட்டம் தட்டி, தரையைத் துடைத்துவிட்டுத்தான் வீடு. மறுநாள் முதல் ஆளாக உள்ளே நுழைகிற பிள்ளை வாசலிலேயே நின்று ஒருமுறை குனிந்து வணங்குகிறது. அந்நேரம் உள்ளே யாரும் இல்லை.